அப்பாவின் வயதைக் குறைக்க ஆறு லட்சமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக ரொம்பவும் சோர்ந்துபோகிறார். சென்னையில் ஒரு மையத்தில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து நரம்பு வழியாக ஏற்றினால் பத்து வயது குறையும் என்கிறார்கள். நான்கு முறை ஏற்ற ஆறு லட்சம். இந்த வாரத்துக்குள் 50,000 முன்பணம் கட்டினால் சலுகையாம். நகையை அடகு வைக்கலாமா என்கிறார் அப்பா. நம்பலாமா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: நகையை பீரோவிலிருந்து எடுக்காதீர்கள் அம்மா. முன்பணமும் வேண்டாம்.

ஸ்டெம் செல்களை உடம்பின் நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய செல்கள் சாகச் சாக, புதியவை இங்கிருந்துதான் வருகின்றன. வயதானால் நாற்றங்காலுக்கும் மூப்பு வரும். அதை மறுபடி இளமையாக்க முடியுமா என்பது நல்ல கேள்வி. சுண்டெலியில் ஓரளவு முடிந்திருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிழட்டு எலியையும் இளம் எலியையும் ரத்த ஓட்டம் ஒன்றாகும்படி இணைத்துத் தைத்தார்கள். கிழட்டு எலியின் தசை ஸ்டெம் செல்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. வளர்ந்த செல்லை மறுபடி ஸ்டெம் செல் போலாக்கும் நான்கு மரபணுக்களை ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் அடையாளம் காட்டினார். அவற்றை இடைவெளி விட்டு இயக்கி, சீக்கிரம் மூப்படையும் எலிகளின் ஆயுளை 2016இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தில் நீட்டினார்கள். அதே மரபணுக்கள் அளவு மீறி இயங்கினால் எலிக்குக் கட்டி வருகிறது. மனிதருக்கு இது இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

உங்களிடம் ஆறு லட்சம் கேட்பவர் இதில் எதையும் செய்யப்போவதில்லை. 67 வயதுக் கொழுப்பிலிருந்து 67 வயதுச் செல்லைப் பிரித்து, அதே உடம்பில் திரும்ப ஏற்றுவார். நரம்பில் ஏற்றியதில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் மாட்டி, சில நாட்களில் அழிந்துபோகும். இவ்வகைச் செல்களுக்கு 1991இல் ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்ட் கேப்லனே, அந்தப் பெயர் நோயாளிகளை ஏமாற்றப் பயன்படுகிறது, மாற்றுங்கள் என்று 2017இல் எழுதினார்.

“சொந்தச் செல்தானே, ஒன்றும் ஆகாது” என்பார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் ஆளுக்கு 5,000 டாலர் கொடுத்து, தங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் பார்வை போனது. 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது.

இந்த மையத்தை உங்களுக்குச் சொன்னது யார்? பெரும்பாலும் மருத்துவராக இருக்க மாட்டார். ‘கோ-ஆர்டினேட்டர்’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் தினமும் அன்பாக விசாரிப்பார். அவருக்குக் கமிஷன் உண்டு. ‘இந்த வாரத்துக்குள்’ என்ற அவசரம் அவருடையது, அப்பாவின் உடம்புடையது அல்ல. சிடிஆர்ஐ எண் ஒன்றைக் காட்டி அரசு அனுமதி என்பார். அது மருத்துவ ஆய்வுகளைப் பதிந்துவைக்கும் ஏடு, அவ்வளவுதான். அந்த எண்ணை இணையத்தில் தட்டிப் பாருங்கள்; எந்த நோய்க்கு, எந்த ஊரில், யார் பெயரில் என்று தெரிந்துவிடும். உண்மையிலேயே ஆய்வு என்றால் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. காசு கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, அரசே அனுமதித்த ஸ்டெம் செல் ஊசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இதைப் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இதை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பெங்களூருவில் தயாராகும் ஒரு மருந்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அனுமதி கொடுத்தது. அது வேறொருவர் தானமாகக் கொடுத்த எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்தெடுத்த செல். நோயாளியின் கொழுப்பிலிருந்து எடுத்ததல்ல. முழங்கால் மூட்டுக்குள் போடுவது, நரம்பில் ஏற்றுவதல்ல. தேய்மானம் இரண்டாம், மூன்றாம் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்; முற்றிலும் தேய்ந்த நான்காம் நிலைக்கு இல்லை. சோர்வுக்கு இல்லை, முதுமைக்கு இல்லவே இல்லை. அந்த அனுமதிச் செய்தியை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் காட்டுகிறார்கள்.

ஸ்டெம் செல் விதிகளை 2007இல் எழுதி, 2013, 2017 என்று இரண்டு முறை திருத்தியாயிற்று. தெருவில் எதுவும் மாறவில்லை. இப்படிப்பட்ட ஒரு மையத்தைப் பற்றி நானே புகார் எழுதினேன். மாநிலத்தில் மத்திய அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள், மத்தியில் மாநிலத்தைக் கேட்கச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் பலகையில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. உள்ளே அதே ஆட்கள், வரவேற்பறையில் அதே வயதானவர்கள். வயிறு எரிகிறது.

இனி அப்பாவின் சோர்வு. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 சத்து குறையக்கூடும்; அது சோர்வையும் ரத்தசோகையையும் தரும். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு இருந்தால் இசிஜியும் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடிவுகள் வந்து மருத்துவர் சரியென்றால், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்லுங்கள். தசைக்கு வேலை தரும் பயிற்சியால் வயதானவர்களுக்கும் தசை ஸ்டெம் செல்கள் கூடுவது மனிதரிடமே பார்த்த விஷயம்.

ஒருவேளை முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். தரவில்லையென்றால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.