மூன்று இனிஷியலும் முப்பது சுருளும்

டெல்லித் தமிழர் வீடுகளில் முகூர்த்தம் குறித்த கையோடு சாவ்ரி பஜாருக்குப் படையெடுப்பு தொடங்கிவிடுகிறது. இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே வளைந்து நெளியும் கர்சிவ் எழுத்துருக்களைப் பற்றியவை.

மகள் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்துக்குக் கர்சிவ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கடைக்காரர் காட்டிய மாதிரி பிரமாதம். எங்கள் பெயர்களைப் போட்டதும் படிக்கவே முடியவில்லை. – வாசகி, மயூர் விஹார்

உங்கள் வீட்டுப் பெயர்களில் இரண்டு மூன்று இனிஷியல்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த எழுத்துருக்களுக்கு மூலம், 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கையெழுத்து ஆசான்கள் கூர்முனைப் பேனாவால் எழுதிய எழுத்து. அதில் பெரிய எழுத்து என்பது சொல்லின் வாசலில் ஒரே ஒருமுறை வருவது. சுருளும் வாலுமாக அது ஆடி முடித்ததும் சின்ன எழுத்துகள் அமைதியாகத் தொடரும். நாமோ ஆர்.வி.எஸ். என்று மூன்று ஆட்டக்காரர்களை ஒரே வாசலில் நிறுத்துகிறோம். ஒன்றின் வால் அடுத்ததன் வயிற்றில் ஏறுகிறது. நடுவிலுள்ள புள்ளி சுருளுக்குள் காணாமல் போகிறது. போதாக்குறைக்கு எஸ்ஸும் எல்லும், ஐயும் ஜேயும், டியும் எஃப்பும் இந்தப் பாணியில் இரட்டைப் பிள்ளைகள்.

மணமக்களின் பெயர்களை மட்டும் இனிஷியல் இல்லாமல் கர்சிவில் பெரிதாகப் போடுங்கள். பெற்றோர், தாத்தா பாட்டி, மண்டப முகவரி எல்லாம் பாஸ்கர்வில் போன்ற நேரான எழுத்துருவில் இருக்கட்டும். அதை உருவாக்கிய ஜான் பாஸ்கர்வில் அச்சுத் தொழிலுக்கு வருமுன் கையெழுத்து கற்பித்தவர்தான். அதனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உறுத்தாமல் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் இனிஷியலை விடமாட்டார்கள் என்றால் கர்சிவை விட்டுவிடுங்கள். சம்பந்தியோடு எழுத்துருவுக்காகச் சண்டை வேண்டாம்.

மெரூன் அட்டையில் தங்க ஃபாயில். திரையில் அழகாக இருந்த எழுத்து, அச்சில் அங்கங்கே அறுந்திருக்கிறது. – ஆர்.கே. புரம்

கர்சிவின் அழகே தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வருவதில் இருக்கிறது. பேனாவை அழுத்தினால் தடிப்பு, தூக்கினால் இழை. ஃபாயில் அச்சில் சூடேற்றிய உலோக பிளாக் அட்டையை அழுத்தி, தங்கப் படலத்தை ஒட்ட வைக்கிறது. சொரசொரப்பான அட்டையில் மயிரிழை சரியாக ஒட்டாது; எழுத்துக்குள் இருக்கும் சின்னக் கண்களோ அடைத்துக்கொள்ளும். வழவழப்பான அட்டைக்கு மாறுங்கள், எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், அல்லது அதே எழுத்துருவின் தடித்த வகையைக் கேளுங்கள். மொத்தமாக அடிப்பதற்கு முன் அதே அட்டையில், அதே ஃபாயிலில் ஒரு மாதிரி வாங்கிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் எடுத்த பிரின்ட்டைப் பார்த்துவிட்டு ஒப்புதல் சொல்லாதீர்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கும் இதே போன்ற எழுத்துரு கிடைக்குமா? கடைக்காரர் 'சாய்த்துத் தருகிறேன்' என்கிறார். – கரோல் பாக்

சாய்க்கவிடாதீர்கள். கணினி, எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஞ, ண, ஐ போன்ற வளைவு மிகுந்த எழுத்துகள் அதில் கோணிக்கொள்கின்றன. ஆங்கிலக் கர்சிவ், பேனா முனையின் அழுத்தத்தில் பிறந்தது. நம் எழுத்தோ நெடுங்காலம் எழுத்தாணியால் ஓலையில் கீறப்பட்டு உருப்பெற்றது. கீறலில் தடிப்புக்கும் மெலிவுக்கும் பெரிய வேலை இல்லை. எழுத்துகள் கைகோத்து நடப்பதும் நம் அச்சு வழக்கத்தில் இல்லை. ஆங்கிலத்தின் ஜாடையைத் தமிழில் தேடினால் ஏமாற்றம்தான்.

கையெழுத்துச் சாயல் கட்டாயம் வேண்டுமென்றால் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் என்ற எழுத்துரு இருக்கிறது. சாய்ந்த எழுத்தாகவே வரையப்பட்டது என்பதால் வளைவுகள் கெடவில்லை. என்னைக் கேட்டால், தமிழ்ப் பக்கம் முக்தா மலர் போன்ற தெளிவான எழுத்தில் நிமிர்ந்தே நிற்கட்டும். தலையில் பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது. சுழிக்கு அது போதும்.

செலவில்லாமல் நல்ல கர்சிவ் எது? – ஜனக்புரி

கூகுள் ஃபான்ட்ஸில் ராபர்ட் லொய்ஷ்கே வடிவமைத்த கிரேட் வைப்ஸ் இருக்கிறது. திறந்த உரிமம் கொண்டது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். மேக் கணினி இருந்தால் ஸ்னெல் ரவுண்ட்ஹாண்ட் அதிலேயே வருகிறது. சார்லஸ் ஸ்னெல் என்ற ஆங்கிலேய ஆசானின் எழுத்தைத் தழுவி 1960-களில் மாத்யூ கார்ட்டர் உருவாக்கியது. வெர்டானா, ஜார்ஜியா என்ற எழுத்துருக்கள் இரண்டும் அவர் கைவண்ணமே. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனிக் கட்டை. கட்டையை விட்டு நீளும் சாய்ந்த வால்கள் சுலபமாக ஒடியும். ஈயக் கட்டைக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் புகைப்பட அச்சுக்கோப்பில் அந்தத் தொல்லை ஒழிந்ததால், எழுத்துகளை உண்மையிலேயே தொட்டுக்கொள்ள வைக்க அவரால் முடிந்தது. எனக்குப் பிடித்தது அதுதான்.

புதிதாகத் திறக்கும் மெஸ்ஸின் பெயர்ப் பலகைக்குக் கர்சிவ் எடுபடுமா? – முனிர்க்கா

எடுபடாது. பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு நொடியில் பெயர் தெரிய வேண்டும். ஆசை விடவில்லையென்றால் மெனு கார்டின் அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

பெயர் குட்டையாகத் தெரிகிறது என்று அச்சகத்தில் எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறார்கள். இப்போது ஏதோ விட்டுப்போனது போல் இருக்கிறது. – துவாரகா

இணைப்புதான் விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வோர் எழுத்தின் கடைசிக் கோடும் அடுத்ததைத் தொடும்படி அளந்து வரைந்திருப்பார்கள். இடம் விட்டால் எல்லாம் துண்டுதுண்டாகிவிடும். இடைவெளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் நீளமாகத் தெரிய வேண்டுமென்றால் எழுத்தின் அளவைக் கூட்டச் சொல்லுங்கள்.