சோப்பு உறையில் பனைமரமா?

கேள்வி: குளியல் சோப்பு உறையில் ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் பாம் கெர்னலேட்’ என்று இருக்கிறது. இது நம் ஊர்ப் பனைமரத்து எண்ணெயா? ரேஷன் பாமாயிலும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: பனைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அம்மா. இது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட எண்ணெய்ப்பனை. அதன் பழச்சதையைப் பிழிந்தால் பாமாயில். காஸ்டிக் சோடா சேர்த்தால் அதுவே பாமேட். ரேஷனில் வாங்குவதும் அந்த எண்ணெய்தான். கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெயிலிருந்து வருவது கெர்னலேட். ஒரே பழம்தான், குணம் வேறு. சதை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் ஏறத்தாழ 44 சதவீதம். அது கட்டியை இறுக்கும், கரையவிடாது. பருப்பெண்ணெயில் தேங்காயெண்ணெயைப் போல லாரிக் அமிலம் பாதியளவு. நுரை அதனால்தான்.

உங்கள் ஊர்க் கிணற்று நீர் கரிப்பு. என் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்தோம். அவர் வீட்டு வாளி விளிம்பில் வெள்ளையாகத் திரிந்து ஒட்டியிருப்பதை விரலால் வழித்துப் பார்த்திருக்கிறேன். நீரிலுள்ள கால்சியம், சோப்பைப் பிடித்துக்கொண்டதன் எச்சம் அது. அத்தகைய நீருக்குத் தேங்காயெண்ணெய் சோப்பே நல்லது. உப்பு நீரிலும் நுரைக்கும். தோல் வறண்டால் லாரிக் மிகுந்ததைக் குறையுங்கள்.

தோலுக்கு பால்மிட்டிக் புதிதல்ல, நம் உடல் சுரக்கும் எண்ணெய்ப்பசையிலேயே இருக்கிறது. சாப்பாட்டில்தான் கவனம் தேவை: அது கெட்ட கொழுப்பைக் கூட்டும். பாமாயிலை வடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடத் தாளிப்புக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும்.