உரக்கடை கம்ப்யூட்டரை ராத்திரி என்ன செய்வது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் டெஸ்க்டாப்; யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும். ராத்திரி ஷட் டவுன் செய்தால் காலையில் பில், ஸ்டாக் எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. ஹைபர்நேட்டில் விட்டுப் போகலாமா? "கரடி மாதிரி விடிய விடியக் கரண்ட் தின்னும்மா" என்கிறான் மகன்.

பதில்: தாராளமாக விடலாம். உங்கள் பிள்ளை சொன்னது கரடிக்குச் சரி, கம்ப்யூட்டருக்குச் சரியில்லை. தப்பு அவன் மேல் இல்லை, விலங்குகளின் குளிர்கால உறக்கத்துக்கான சொல்லான ஹைபர்நேட்டைக் கம்ப்யூட்டருக்குப் பெயராக வைத்தவர்கள் மேல்.

குளிர்காலத்தில் கரடி முடங்கிக் கிடந்தாலும் அதன் அடுப்பு அணைவதில்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவுக்கு இறங்கும். ஆனால் உடல் சூடு 30 டிகிரிக்குக் கீழே போவது அரிது. சேர்த்த கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊரிலேயே இருக்கிறதே வயல் நத்தை! தாளடி அறுத்து வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது மண்ணுக்குள் போய் மூடியை இறுக்கிக்கொள்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்து வயல் நனையும்வரை கையிருப்பைச் சிக்கனமாகச் செலவழித்துத்தான் உயிரைப் பிடித்துவைக்கிறது. கம்ப்யூட்டரில் இதற்கு ஈடு ஸ்லீப். திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமில் இருப்பது அழியாமலிருக்க மின்சாரம் சிறிதளவு ஓடியாக வேண்டும். யுபிஎஸ் தீர்ந்தால் சேமிக்காத கணக்கு போச்சு (ரேமில் இருப்பதை டிஸ்கிலும் எழுதிவைக்கும் ஹைப்ரிட் ஸ்லீப் இருந்தால் மட்டும் தப்பும்).

ஹைபர்நேட் அப்படியில்லை. ரேமில் இருந்ததை டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு இயந்திரம் அணைந்துவிடுகிறது. ப்ளக்கையே பிடுங்கலாம், ஒரு வாரம் கழித்து வந்தாலும் விட்ட பில்லிலிருந்தே தொடரும். உயிரினங்களில் இதற்கு ஒப்பு, நாகை கடற்கரை இறால் பொரிப்பகங்களில் டப்பாவில் வாங்குகிறார்களே, ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் உயிரியின் முட்டை, அதுதான். வருடக்கணக்கில் காய்ந்த தூளாகக் கிடக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு நீந்தும்.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் தினமும் செய்கிற ஷட் டவுனும் பெரும்பாலும் முழு ஷட் டவுன் இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. உங்கள் வேலையை மூடிவிடும், விண்டோஸின் உள்பகுதியை மட்டும் ஹைபர்நேட் செய்துவைக்கும். சுத்தமாக முதலிலிருந்து தொடங்க ரீஸ்டார்ட்தான் எளிய வழி. பிரிண்டர் மக்கர் செய்தால் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடுமுன் அதைச் செய்து பாருங்கள். வாரம் ஒருமுறை செய்வது நல்ல பழக்கம்.

மெனுவில் ஹைபர்நேட் இல்லையென்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் டிக் போடுங்கள். தினமும் இப்படி எழுதினால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) தேய்ந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். தினம் 4 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு ஒன்றரை டெராபைட்தான். 100 டெராபைட் தாங்கும் சாதாரண எஸ்எஸ்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். கணக்குத் தரவு முதலாளியின் கம்ப்யூட்டரில் இருந்து, நீங்கள் நெட்வொர்க் வழியாகத் திறப்பதானால், அந்த மென்பொருளை மூடிவிட்டே ஹைபர்நேட் செய்யுங்கள். காலையில் இந்தப் பக்கம் விழித்தாலும் அந்தப் பக்கத் தொடர்பு அறுந்திருக்கும். பென் டிரைவையும் கழற்றிவிடுங்கள்.

ஐப்பசி இடிமழையில் ஹைபர்நேட்டா ஷட் டவுனா என்ற கேள்வியே இல்லை. கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸின் பத்து நிமிடத்துக்குள் ஹைபர்நேட் கொடுங்கள். திரை அணைந்து சிபியு விசிறி நின்றதும் ப்ளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் பிடுங்குங்கள். அந்த ஒயர் வழியாகவும் இடி இறங்கும்.