மகள் ஸ்டைலிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள்

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ படிக்கும் மகள், நடிகைகளுக்கு உடை தேர்ந்தெடுத்து உடுத்திவிடும் ஸ்டைலிஸ்ட் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறை சோறு போடும். ஆனால் அவள் ரீல்ஸில் பார்க்கிற அந்த ஒரு வேலையை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

2024 மே மாதம் நியூயார்க்கில் நடக்கும் மெட் காலா என்ற ஃபேஷன் விழாவுக்கு நடிகை ஆலியா பட் கட்டிப் போன, டிசைனர் சப்யசாச்சியின் சேலையை அவள் கட்டாயம் பார்த்திருப்பாள். அதைச் செய்ய 163 பேர், மொத்தம் 1,965 மணி நேரம் என்று அறிவித்தார்கள். வகுத்தால் ஆளுக்குச் சராசரி 12 மணி நேரம்தான். சாயம் போடுபவர், எம்பிராய்டரி செய்பவர், ஓவியர் என்று ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு சேலை. உடுத்திவிட்டுப் பெயர் வாங்கும் ஸ்டைலிஸ்ட் இடம் ஒன்றோ இரண்டோதான்.

அந்த இடமும் வெளியே தெரிகிற அளவுக்குச் சொகுசானது இல்லை. விழாக்களின் சிவப்புக் கம்பளத்தில் நடிகைகள் போட்டு நடக்கும் உடைகளில் பெரும்பாலானவை இரவல். டிசைனரிடம் கேட்டு வாங்கி, நடிகையின் உடம்புக்குப் பிடித்துத் தைத்து, கறை படாமல் திருப்பி அனுப்ப வேண்டும். பெட்டி தூக்குவது, இஸ்திரி போடுவது, கூரியருக்குக் காத்திருப்பதுதான் உதவியாளராகச் சேர்பவரின் முதல் சில வருடங்கள். ஹாலிவுட்டில் பட விளம்பரம் என்றால் ஸ்டூடியோ ஸ்டைலிஸ்டுக்கு ஒரு தொகையைத் தரும். உதவியாளர் கூலியும் பல நேரம் அதற்குள்தான். ஹாலிவுட் நடிகை ஜெண்டாயாவின் ஸ்டைலிஸ்ட் லா ரோச் 2022-ல் அமெரிக்க ஃபேஷன் டிசைனர்கள் கவுன்சிலின் விருது வாங்கினார். அடுத்த மார்ச்சிலேயே, இந்தத் தொழிலின் அரசியலும் பொய்யும் போதும் என்று ஓய்வை அறிவித்தார். ஜெண்டாயாவை மட்டும் விடவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு இதில் பிடித்தது கைவேலைப் பக்கம். நம் ஊரில் கல்யாண ப்ளவுஸுக்குப் போடுகிறார்களே ஆரி வொர்க், பாரிஸ் பட்டறைகளில் கொக்கி ஊசியால் செய்வதும் அதே குடும்பத்து வேலை. பாரிஸ் எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ழான்-ஃபிரான்சுவா லெசாஜ் 1993-ல் சென்னையில் வஸ்த்ரகலா எம்பிராய்டரிப் பட்டறையைத் தொடங்கியது இந்தக் கைகளை நம்பித்தான். பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான டியோர் 2023 மார்ச்சில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஷோ நடத்தியதற்கும், அங்குள்ள சாணக்யா எம்பிராய்டரிப் பட்டறையுடன் அவர்களுக்கு இருந்த உறவே காரணம். அந்த வருட மெட் காலா கம்பளம்கூட கேரளாவின் ஆலப்புழை மாவட்டத்திலிருந்து போனதுதான்! ஆகவே மகள் முதலில் ஒரு கைத்தொழிலைப் பிடிக்கட்டும். துணி வெட்டித் தைக்கத் தெரிந்தவள் பிறகு ஸ்டைலிஸ்ட் ஆகலாம். ஸ்டைலிங் மட்டும் தெரிந்தவளுக்கு வாய்ப்பு வராத மாதங்களில் கையில் வேறு எதுவும் இருக்காது.

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். பழைய ப்ளவுஸ் ஒன்றைத் தையல் பிரித்து, அதே அளவில் இன்னொன்று வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். கோணலாக வரட்டும், பரவாயில்லை. மறுபடி பிரித்துத் தைக்க உட்காருகிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

சரி, படிப்பு. சென்னை தரமணியில் இருக்கும் நிஃப்ட், அதாவது மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனம். அங்கே பி.டெஸ். என்ற நான்கு வருட டிசைன் பட்டப்படிப்பு இருக்கிறது. ப்ளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவில் படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். படைப்புத் திறன் தாள், பொதுத் திறன் தாள், அப்புறம் கொடுத்த பொருள்களை வைத்துக் கையால் ஒன்றைச் செய்து காட்டும் தேர்வு. நுழைவுத் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். கட்டணம் மட்டும் நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும், விடுதி தனி. அது கட்டுப்படியாகாது என்றால் கோவை, சென்னைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. செலவு பல மடங்கு குறைவு. ஆறு மாதத்தில் செலிபிரிட்டி ஸ்டைலிஸ்ட் ஆக்குகிறோம் என்று லட்சங்களில் கேட்கும் டிப்ளமோவில் மட்டும் பணம் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால், போன வருடம் முடித்த நான்கு பேருடைய தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

நிஃப்ட் எழுதுவதாக இருந்தால், ஓபிசி ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பள்ளிக்காக நீங்கள் வாங்கிய தமிழக அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் அலையாமல், தேர்வு அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்று பார்த்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.