பாய்மரம் ஏறப் போகிறீர்களா? டர்பனிலிருந்து வந்த கேள்விகள்

அக்டோபர், நவம்பர் வந்தால் ரீயூனியன் தீவுப் பக்கமிருந்து கிளம்பிய பாய்மரப் படகுகள் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயிலும் டர்பனிலும் வந்து ஒதுங்கும். அடுத்தது கேப் டவுன். அந்தக் கடலில் இறங்குமுன் பாய்மரத்தின் உச்சியைப் பார்த்தே ஆக வேண்டும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை எல்லாரும் மரம் ஏறுவதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

போசன் சேர் வாங்கலாமா, ஹார்னஸ் வாங்கலாமா?

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் மலையேறுபவர்கள் கட்டும் ஹார்னஸ். சேர் ஊஞ்சல் பலகை மாதிரி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க அதுதான் சுகம். ஆனால் எதையாவது எட்டிப் பிடிக்கச் சாய்ந்தால் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. ஹார்னஸ் இடுப்பையும் தொடையையும் கவ்விக்கொள்ளும். என்ன, அசையாமல் தொங்கினால் கால் மரத்துப்போகும். நான் ஹார்னஸைக் கட்டிக்கொண்டே சேரில் உட்காருவேன். சேர் ஒரு கயிற்றில், ஹார்னஸ் வேறொரு கயிற்றில்.

ஹால்யார்ட் (பாயை மேலே ஏற்றும் கயிறு) முனையில் ஸ்னாப் ஷேக்கிள் இருக்கிறது. அதிலேயே மாட்டிக்கொள்ளலாமா, அண்ணா?

வேண்டாம் தம்பி. சட்டென்று இழுத்துத் திறப்பதற்காகவே செய்த கொக்கி அது. ஒருமுறை அவசரத்தில் நானும் அதில் மாட்டிக்கொண்டு ஏறினேன். ஸ்ப்ரெடரை, அதாவது மரத்தின் பக்கவாட்டில் நீளும் குறுக்குச் சட்டத்தை, தாண்டும்போது, அதன் பின்னைத் திறக்கக் கட்டியிருந்த சின்னக் கயிற்று வளையம் ஸ்ப்ரெடர் முனையில் சிக்கியது. என் மூக்குக்கு நேரே பின் பாதி வெளியே வந்து நிற்கிறது! இரண்டாவது கயிறு இருந்த தைரியத்தில்தான் அதைத் தள்ளி மூடினேன். அன்றிலிருந்து கயிற்றை ஹார்னஸில் நேராக போலைன் முடிச்சுப் போட்டே கட்டுகிறேன். கட்டியதும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கி, நாலு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். அப்புறம் ஏறுங்கள்.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் எலெக்ட்ரிக் வின்ச்சில் ஏற்றிவிடலாமா?

கூடாது. பட்டன் ஒட்டிக்கொண்டால் நீங்கள் உச்சியில் நசுங்கும்வரை அது நிற்காது. கைப்பிடி போட்டுச் சுற்றச் சொல்லுங்கள்.

தனியாக ஏற வழி உண்டா?

உண்டு. கயிற்றைக் கவ்வி மேலே நகரும் அசெண்டர் ஒன்று, கால் வைக்க ஒரு வளையம், இறங்க, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிரிகிரி என்ற கருவி. 10 அல்லது 11 மில்லிமீட்டர் ஸ்டாட்டிக் கயிறு (அதிகம் நீளாதது) போதும். அதை ஹால்யார்டில் கட்டி மேலே இழுத்துவிட்டு, அந்த ஹால்யார்டைக் கீழே கிளீட்டில் (கயிறு கட்டும் கட்டை) இறுக்கிக் கட்டுங்கள். டைனீமா என்ற செயற்கை இழையில் செய்த ஹால்யார்டிலேயே ஏறப் பார்க்காதீர்கள். அது வழவழப்பானது, உராய்வுச் சூட்டையும் தாங்காது. காவலுக்கு, வேறொரு ஹால்யார்டில் இரண்டாவது கயிறு.

லாக்கரில் 12 வருடப் பழைய ஹார்னஸ் இருக்கிறது. பார்க்கப் புதிதுபோல்தான்...

வெட்டிக் குப்பையில் போடுங்கள். மலையேற்றச் சாமான் செய்யும் பெட்சல் நிறுவனம் தன் துணிச் சாமான்களுக்குச் சொல்லும் கெடுவே அதிகபட்சம் 10 வருடம்.

எந்த நேரத்தில் ஏறுவது?

காலையில். மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று ஏறிவிடும். தென்மேற்குக் காற்று வரும் என்று வானிலையில் சொன்னால் அன்றைக்கு ஏறவே வேண்டாம். அது சொல்லிக்கொண்டு வராது. ஸ்பேனருக்கும் ஒரு கயிறு கட்டுங்கள். கீழே கயிறு பிடிப்பவர் மரத்தடியை விட்டுத் தள்ளியே நிற்கட்டும்.