லைன்மேனாக ஆடும் மகனின் படிப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்தில் லைன்மேனாக, அதாவது முன்வரிசை ஆட்டக்காரராக, ஆடும் தங்கள் மகனுக்குக் கல்லூரிப் பயிற்சியாளர்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கியிருப்பதையும், அதனால் படிப்பு கெட்டுவிடுமோ என்று தாங்கள் அஞ்சுவதையும் எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்கும் உதவித்தொகை எளிதில் கிடைப்பதன்று. ஆயினும் கல்லூரி அணிகளில் ஆடுவோருள் நூற்றுக்கு இருவர்கூட என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைப் போட்டியின் அணிகளுக்குள் நுழைவதில்லை.

ஜான் அர்ஷலைப் பற்றித் தங்கள் மகன் அறிந்திருக்க வேண்டும். பஃபலோ நகரின் கனிசியஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய அவர், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லைன்மேனாக இருந்துகொண்டே கணிதத்தில் இளங்கலை, முதுகலை இரண்டையும் முடித்து, இளநிலை மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். நான்கு ஆட்டப் பருவங்கள் ஆட ஐந்து ஆண்டுகள் தந்த அப்போதைய கல்லூரி விளையாட்டு விதியைப் படிப்புக்காகவும் அவர் பயன்படுத்திக்கொண்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2014இல் என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, பால்டிமோர் ரேவன்ஸ் அணி ஐந்தாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2015இல் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. களத்துக்குத் திரும்பிய பின்னரும், உயர்கணிதத்தை மனக்கண்ணில் காணும் ஆற்றல் மீளக் கூடுதல் காலம் பிடித்ததாக அவரே கூறியிருக்கிறார். 2017இல் 26 வயதிலேயே ஓய்வு பெற்று, ஆடும்போதே எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கியிருந்த முனைவர் ஆய்வை 2021இல் நிறைவு செய்தார். இன்று அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கிறார்.

எல்லோரும் அர்ஷல் ஆக முடியாதுதான். ஆனால் விரும்பிய பாடத்தை விட்டுக்கொடுக்காமல் ஆட முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆகவே கல்லூரிகளைப் பார்க்கச் செல்லும்போது, பிற்பகல் ஆய்வக வகுப்பும் பயிற்சியும் மோதினால் எதற்கு முன்னுரிமை, காயத்தால் ஆட இயலாமல் போனால் உதவித்தொகை தொடருமா, இப்போதைய லைன்மேன்கள் என்னென்ன பாடங்கள் படிக்கிறார்கள் என்று தாங்களே நேரில் கேளுங்கள். 'எளிதான பாடமாகப் பார்த்துத் தருகிறோம்' என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவு அணியில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து அவற்றில் 4 புள்ளிக்குக் குறைந்தது 2.3 சராசரி பெற்றிருக்க வேண்டும். மகனின் மதிப்பெண் பட்டியலை எனக்கு அனுப்பிவையுங்கள். விடுபட்ட பாடம் ஏதேனும் இருந்தால் வரும் கோடை வகுப்பிலேயே சேர்த்துவிடலாம்.