கீரை கடைசியாக நனைந்த தண்ணீர்

கேள்வி: உழவர் சந்தையில் வாரம் மூன்று நாள் கீரை வாங்குகிறேன். போன வாரம் விடிகாலையில் பஸ்ஸில் வரும்போது, பாலத்துக்குக் கீழே வாய்க்காலில் கீரைக்கட்டுகளை முக்கி முக்கி அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஊர்ச் சாக்கடையும் அந்த வாய்க்காலில்தான் கலக்கிறது. மசாலாப் பாக்கெட்டில்கூட 14 இலக்க உரிம எண் இருக்கிறது. கீரைக்கு மட்டும் சட்டம் கிடையாதா?
(கும்பகோணம் வாசகி)

பதில்: சட்டம் இருக்கிறது. ஆனால் அது வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், விவசாயியையும் வயலில் நடக்கும் வேலையையும் அங்கே விளைந்த பொருளையும் 18-வது பிரிவின் மூலம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அரை ஏக்கரில் கீரை போடுகிறவரை உரிமம், ஆய்வு என்று அலையவிடக் கூடாது என்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. வியாபாரி கைக்குப் போனபின் சட்டம் வந்துவிடும். பூச்சிமருந்தின் எச்சம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. ஆனால் வயலில் இருந்து வண்டி ஏறுவதற்குள் கீரை எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று கேட்க ஆள் இல்லை.

அமெரிக்காவில் 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காய் பழம் விளைவிக்கும் பண்ணைகளுக்கென்றே 2015-ல் தனி விதிகள் போட்டார்கள். சிறு பண்ணைகளுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. அந்த விதிகளில் நம்மூருக்கு அப்படியே பொருந்துகிற யோசனை ஒன்று இருக்கிறது. பயிருக்குப் பாயும் தண்ணீர் வேறு, அறுத்தபின் படும் தண்ணீர் வேறு என்று பிரித்துவிட்டார்கள். அறுத்த பிறகு அலசும் தண்ணீரில், 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஆறு, குளம், வாய்க்காலின் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் அதற்குப் பயன்படுத்தவே கூடாது.

காரணம் எளிது. பாசனத்தில் இலைமேல் பட்ட கிருமி வெயிலிலும் காற்றிலும் நாளுக்கு நாள் குறையும். அறுத்து, கட்டி, வாய்க்காலில் முக்கிய கட்டுக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை. ஈரத்தோடு சாக்கில் அடுக்கி, இரண்டு மணி நேரத்தில் உங்கள் பையில் இருக்கிறது. ஒரு கட்டில் ஒட்டியது சாக்கு முழுக்கப் பரவவும் செய்யும். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும் நாட்களில் இன்னும் மோசம். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் சேர்ந்த குப்பையையெல்லாம் அந்தத் தண்ணீர்தான் தள்ளிக்கொண்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும்போதும் அப்படித்தான்.

அதனால் நான் சொல்வது, "அலசாம, மண்ணோடயே குடுங்கம்மா" என்று கேளுங்கள். பளிச்சென்று ஈரம் சொட்டும் கட்டைத்தான் நாம் தேடி எடுக்கிறோம், அதற்காகத்தான் அவர்களும் அலசுகிறார்கள். வேரில் மண் ஒட்டிய கட்டை நீங்கள் விரும்பி எடுக்க ஆரம்பித்தால், அடுத்த வாரம் அவருக்கு ஒரு வேலை மிச்சம். உழவர் சந்தை 1999-ல் தொடங்கப்பட்டதே விளைவித்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கத்தான். அங்கே இப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. சந்தை நிர்வாக அலுவலரிடமும் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அலசித்தான் ஆக வேண்டும் என்றால், சந்தைக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் குழாயும் தொட்டியும் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் முதலில் வேரை நறுக்கிப் போட்டுவிட்டு, மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசி, கடைசியாகக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். உப்போ மஞ்சளோ போட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கொதிதான் கொல்லும். கடைந்த கீரைக்குப் பயமில்லை. நான் பயப்படுவது மேலே தூவும் கொத்தமல்லிக்கும், பச்சையாக அரைக்கும் புதினாவுக்கும், குழந்தைகள் கடித்துத் தின்னும் வெள்ளரிப்பிஞ்சுக்கும்தான்.

கேள்வி: ஒரு மா நிலத்தில் கீரையும் வெள்ளரியும் போடுகிறேன். ரசாயனம் தொடுவதில்லை. சாணம், ஆட்டுக்கிடை, பஞ்சகவ்யம்தான். 'இயற்கை விளைச்சல்' என்று அட்டை எழுதி வைத்து விற்கிறேன். சான்றிதழ் கேட்கிறார்கள். வேண்டுமா?
(திருவையாறு விவசாயி)

பதில்: ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, நீங்களே நேரடியாகச் சாப்பிடுகிறவர்களிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போட மட்டும் முடியாது. முத்திரை வேண்டுமென்றால் பி.ஜி.எஸ். முறையைப் பாருங்கள். அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று தரும் முறை அது. செலவு குறைவு.

சான்றைவிட எனக்கு உங்கள் சாணம் முக்கியம். மருந்து அடிக்காத கீரை என்பதும் கிருமி இல்லாத கீரை என்பதும் ஒன்றல்ல. பச்சைச் சாணத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கும். அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிப்படி, மக்காத எருவைப் போட்டால், தின்னும் பாகம் மண்ணில் படுகிற பயிரை 120 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும், படாத பயிரை 90 நாள் கழித்து. சிறுகீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுமே! ஆகவே கீரைக்குப் பச்சைச் சாணம் சரிப்படாது, மக்கிய எருதான். வெள்ளரிக்காய் தரையிலேயே கிடப்பது. சித்திரையில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட வயலில் ஆவணிக்குள் வெள்ளரி பறிக்கும்படி விதைக்காதீர்கள். அந்த வருஷம் கிடையை நெல் வயலுக்குத் தள்ளிவிடுங்கள்.

மக்க வைப்பதற்கும் கணக்கு உண்டு. நீளக் குவியலாகப் போட்டு, உள்ளே 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிவிட வேண்டும். வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போய் வெந்தால்தான் பயன். ஆறு மாதம் சும்மா குவித்து வைத்த சாணம் கறுத்திருக்கும், ஆனால் சூடு ஏறியிருக்காது. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் சாணம் கலந்து செய்வதுதான், அவற்றை அறுவடை நெருங்கும்போது இலைமேல் தெளிக்காதீர்கள், பாசனத்தோடு வேருக்கு விடுங்கள். உங்களிடம் வாங்குகிறவர்கள் 'இயற்கைதானே' என்று கழுவாமல்கூடச் சாப்பிட்டுவிடுகிறார்கள். அவர்கள் உங்களை அவ்வளவு நம்புகிறார்கள்.

கேள்வி: வாழைத்தார் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் கல் வைத்துப் பழுத்தது என்கிறார்கள். பூவன் வாங்கவே பயமாக இருக்கிறது.
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் கொஞ்சம் வரலாம் என்பதுதான் ஆபத்து. எத்திலீன் வாயு அப்படியல்ல. பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் வாயு அது. மூடிய அறையில் 100 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, விட அனுமதி உண்டு. எத்திலீன் அறையில் பழுத்த தாரும் ஒரே சீராக மஞ்சளாகத்தான் வரும். அந்தக் காலத்தில் மூட்டம் போட்டுப் பழுக்க வைத்ததும் புகையில் இருந்த எத்திலீன் செய்த வேலைதான். கடைக்காரரிடம் தார் எந்த அறையில் பழுத்தது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால், செங்காயாகச் சீப்பு வாங்கி வீட்டில் துணிபோட்டு மூடி வையுங்கள், தானே பழுக்கும்.

கேள்வி: பாகற்காய் கண்ணைப் பறிக்கும் பச்சை. சாயமாக இருக்குமோ? சந்தேகம் வந்தால் என்ன செய்வது?
(மயிலாடுதுறை வாசகி)

பதில்: பஞ்சைத் திரவப் பாரபினில் நனைத்துக் காயின் மேல்தோலில் தேயுங்கள். பஞ்சு பச்சையானால் மாலகைட் பச்சை என்ற சாயம் பூசியிருக்கலாம். அப்படியானால் காயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கடையின் பெயரோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொண்டுபோங்கள். அப்புறம், பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. முதல் பதிலில் சொன்ன உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை இருப்பதாக அறிக்கை வந்தால், கட்டிய பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.